இடைவேளைக்கு முன்னும் பின்னும்

பாடகர் குழுவை ஊர் ஊராக அழைத்துப் போகிறவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது பாதி வேலைதான். எதைப் பாடுவது, எதன் பின்னால் எதை வைப்பது என்று பட்டியல் போடுவது மறுபாதி. பயணத்துக்கு ஆறேழு மாதம் இருக்கும்போதே நான் பட்டியல் போட உட்கார்ந்துவிடுவேன். நான்கைந்து முறை அடித்துத் திருத்தாமல் எந்தப் பட்டியலும் முடிந்ததில்லை.

எங்கள் குழு திருச்சியில் இருக்கிறது. முப்பது பேருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. பள்ளி ஆசிரியர்கள், நர்ஸுகள், பொன்மலை ரயில்வே பணிமனைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள். பெரும்பாலும் லுத்தரன் சபைக் குடும்பங்கள். தரங்கம்பாடி, தஞ்சாவூர், பாளையங்கோட்டை, சென்னை என்று விடுமுறைக் காலங்களில் போய்ப் பாடுவோம். ஜெர்மனி வரைக்கும் போனதும் உண்டு.

இப்படிப் பயணம் போகும் குழுக்களிடம் பல நாடுகளிலும் ஒரே வழக்கத்தைப் பார்க்கலாம். இடைவேளைக்கு முன்பு 'புனித இசை'. அதில் பாலெஸ்ட்ரினா, பாக், மோட்சார்ட். இடைவேளைக்குப் பிறகு 'உலக இசை'. அதில் ஒரு ஆப்பிரிக்கப் பாட்டு, ஒரு தென்னமெரிக்கப் பாட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஸ்பிரிச்சுவல் ஒன்றிரண்டு. முன்பாதியில் கையில் கறுப்பு அட்டையோடு அசையாமல் நிற்பார்கள். பின்பாதியில் கலர் துண்டு போட்டுக் கைதட்டுவார்கள். அந்த வழக்கத்தில்தான் நானும் வளர்ந்தேன். இப்போது எங்கள் பட்டியலில் இரண்டு பாதியையும் பிரிக்கும் அந்தக் கோடு கிடையாது. அது போனதற்கு எந்தக் கொள்கையும் காரணமில்லை, பாடல்களே காரணம்.

எங்கள் நிகழ்ச்சி வழக்கமாகப் பாலெஸ்ட்ரினாவின் 'சீகூட் செர்வுஸ்' பாட்டில் தொடங்கும். 42-ஆம் சங்கீதம், மான் நீரோடையைத் தேடும் சங்கீதம். 16-ஆம் நூற்றாண்டு ரோமாபுரியின் இசை. முதலில் டெனர் மட்டும் எடுக்கும். பிறகு ஆல்ட்டோ, அப்புறம் சொப்ரானோ, கடைசியில் பாஸ். நான்கு குரலும் ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே வரும். முதல் வரிசையில் இருப்பவரைக்கூட உடனே அமைதியாக்கிவிடும் பாட்டு இது. ஆனால் இதற்குக் கட்டடம் ஒத்துழைக்க வேண்டும். சாந்தோம் பேராலயம் மாதிரி உயர்ந்த கூரையும் கல்சுவரும் இருக்கும் இடத்தில் ஒரு குரல் ஓய்ந்த பிறகும் அதன் கார்வை மேலே நின்றுகொண்டிருக்கும். அடுத்த குரல் அதன் மேல் வந்து உட்காரும். பாட்டை எழுதியவர் அந்தக் கார்வையையும் கணக்கில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார். அதே பாட்டைத் தலைக்கு மேல் இருபது மின்விசிறி சுற்றும் பள்ளி அரங்கில் பாடினால் ஒவ்வொரு சொற்றொடரும் வாயை விட்டு வந்தவுடன் செத்துவிடுகிறது. அதனால் ஒரே பயணத்துக்கு இரண்டு பட்டியல் வைத்திருப்பேன், ஆலயத்துக்கு ஒன்று, அரங்கத்துக்கு ஒன்று. அரங்கப் பட்டியலில் பாலெஸ்ட்ரினா கிடையாது. கேட்பவர் ஏமாந்தாலும் பரவாயில்லை, பாட்டு ஏமாறக் கூடாது.

மோட்சார்ட்டின் 'ஆவே வேரும் கோர்பூஸ்' இரண்டு பட்டியலிலும் இருக்கும். 1791 ஜூனில், அவர் இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு, பாடன் என்ற சிற்றூரில் ஆலயப் பாடகர் குழுவை நடத்தி வந்த அன்டன் ஷ்டோல் என்ற நண்பருக்காக எழுதியது. மொத்தம் 46 தாளக் கட்டங்கள். மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அடக்கிய குரலில் பாடுங்கள் என்று தொடக்கத்தில் ஒரு குறிப்பு. உரக்கப் பாடு, மெல்லப் பாடு என்று அதன் பிறகு எந்தக் குறிப்பும் கிடையாது. சிற்றூர்க் குழுவுக்கு எழுதியதால் யாருக்கும் எட்டாத சுரம் ஒன்றும் இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒரே மாலையில் படித்துவிட்டு, "சார், இது ஈஸி" என்பார்கள். அதன் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. கடைசிப் பகுதியில் பெண் குரல்கள் முன்னே போக, ஆண் குரல்கள் பின்தொடர்ந்து வந்து சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தில் நீண்ட ஒரு சொல் ஏறி இறங்குகிறது. அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் பாட்டில் ஓட்டை விழும். அதனால் யார் எந்த எழுத்துக்கு முன் மூச்சு எடுப்பது என்று பக்கத்துப் பக்கத்து ஆட்களைப் பிரித்துப் பென்சிலால் குறித்துக் கொடுப்பேன். இந்தக் குறிகளை அழிக்காமல் அடுத்த பயணத்துக்கும் வைத்திருக்கும் தாள்கள் எங்களிடம் உண்டு. பயணத்தில் யாராவது காய்ச்சலில் படுத்துவிட்டால் அன்று மாலை முதல் வேலை, அவருடைய மூச்சுக்குறியை வேறொருவருக்கு மாற்றுவது.

லுத்தரன் குழு என்பதால் பாக் இல்லாமல் எங்களுக்குப் பட்டியலே கிடையாது. 'யேசு மைனெ ஃபிராய்டெ' என்ற மோட்டெட்டில் 11 பகுதிகள். ஒற்றைப்படைப் பகுதிகளில் யோஹான் ஃபிராங்க் எழுதிய ஞானப்பாட்டின் சரணங்கள். இடையிலே ரோமர் நிருபம் 8-ஆம் அதிகாரத்து வசனங்கள். முழுவதையும் பாட எங்களிடம் ஆள்பலம் போதாது. ஞானப்பாட்டுச் சரணங்களை மட்டும் எடுத்துப் பாடுவோம்.

ஜெர்மனி போனபோது இந்த ஞானப்பாட்டு விஷயத்தில் ஒன்று தெரிய வந்தது. 1706-இல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய நாளிலிருந்து ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழுக்கு வந்துகொண்டே இருந்தன. பப்ரிசியுஸ் போன்ற மிஷனரிகள் அவற்றைத் தமிழில் நிலைநிறுத்தினார்கள். எங்கள் பாட்டிமார்களுக்கு அவை மனப்பாடம். லைப்சிக்கில் உள்ளூர்ப் பாடகர்களோடு சேர்ந்து லூத்தரின் கோட்டைப் பாட்டை ஒத்திகை பார்த்தோம். அவர்கள் ஜெர்மனில், நாங்கள் தமிழில். முதல் வரியிலேயே இரண்டு பக்கமும் விலகியது. நாங்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு கொடுத்து நிதானமாக, சமமாக நடத்திப் பாடுகிறோம். அவர்கள் குறிலும் நெடிலுமாகத் துள்ளி ஓடும் தாளத்தில் பாடினார்கள். லூத்தர் காலத்துத் தாளம் அதுதான். பிற்பாடு ஜெர்மனியிலேயே அது மழுங்கிச் சமநடையாகி, பாக் காலத்தில் அந்தச் சமநடையே வழக்கமாகிவிட்டது. மிஷனரிகளோடு கப்பலேறி நம் ஊருக்கு வந்தது அந்தச் சமநடைதான். பிறகு அவர்கள் பழைய தாளத்தைத் தேடி எடுத்துப் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் கப்பலில் வந்ததையே காப்பாற்றி வைத்திருக்கிறோம். அந்த மாலையில் யாரும் யாருக்காகவும் தாளத்தை மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒரு சரணம் அவர்கள், அடுத்த சரணம் நாங்கள். பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை வேலை பார்த்த ஊரில், அவர் கேட்டிருக்கக்கூடிய நடையில் பாடியது தமிழ்ப் பக்கம்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு.

ரஷ்யப் பாடல்களில் சிக்கல் வேறு. ஆர்த்தடாக்ஸ் சபையின் ஆராதனையில் வாத்தியம் கிடையாது; மனிதக் குரல் ஒன்றுதான். அதனால் அங்கே பாஸ் குரல்தான் ஆர்கனுக்குரிய இடத்தைப் பிடிக்கிறது. ரக்மானினோவ் 1915-இல் எழுதிய 'முழு இரவு விழிப்பு' ஆராதனை இசையில் ஐந்தாவது பகுதி முடியும்போது பாஸ் படிப்படியாக இறங்கிப் போகும். நடு ஸி-யிலிருந்து இரண்டு ஸ்தாயி இறங்கி, அதற்கும் கீழே ஒரு முழுச் சுரம். மாஸ்கோவின் சினடல் குழு நடத்துநரே இப்படிப்பட்ட பாஸ் பாடகர்களுக்கு எங்கே போவது என்று கேட்டாராம். பொன்மலைக்காரர்கள் நல்ல கனத்த குரல்காரர்கள். இருந்தாலும் அவர்கள் உறுதியாக நிற்கும் இடம் அதற்கு நான்கைந்து சுரம் மேலே. சுருதியைத் தூக்கிப் பாடலாமே என்று சிலர் சொல்வார்கள். தூக்கினால் மேலே டெனர் கத்த வேண்டி வரும். அந்தப் பாட்டில் கத்தலுக்கு இடமில்லை. அதனால் ஐந்தாவதை விட்டுவிட்டு ஆறாவதை எடுத்தோம். மரியாளுக்குச் சொல்லப்பட்ட வாழ்த்து. மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஒரே ஒரு முறை அலைபோல் எழும்பி, தணிந்துவிடும்.

அதே வாழ்த்தை, அதே சிலாவோனிய ஆராதனைமொழி வார்த்தைகளோடு, எஸ்தோனியாவின் ஆர்வோ பார்ட் 1990-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழுவுக்காக எழுதினார். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ரக்மானினோவ் முழங்காலில் நிற்கிறார் என்றால், பார்ட் மூச்சிரைக்க நல்ல செய்தி கொண்டு ஓடி வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்து, கைதட்டலுக்கு இடம் கொடுக்காமல் வைப்பேன். பட்டியல் போடும் வேலையில் எனக்குப் பிடித்த இடம் இது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அழகான பாட்டுகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே ஜெபம் இரண்டு மனிதர் வாயில் எப்படி மாறுகிறது என்பது விளக்கம் இல்லாமலே கேட்பவருக்குப் புரிகிறது.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருகிறேன். ஸ்பிரிச்சுவல்களை 'உலக இசை' என்று பின்பாதியில் தள்ளுவது ஏன் எனக்குச் சகிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

நாஷ்வில் நகரத்தின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்காக 1866-இல் தொடங்கப்பட்டது. சில வருடங்களிலேயே காசில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. பொருளாளராக இருந்த ஜார்ஜ் வைட், மாணவ மாணவிகள் ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு 1871 அக்டோபர் 6-ஆம் தேதி நிதி திரட்டப் புறப்பட்டார். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். எல்லா ஷெப்பர்ட் என்ற இளம்பெண் பியானோ வாசித்துக் குழுவைப் பயிற்றுவித்தார். ஆரம்பத்தில் அவர்கள் மேடையில் பாடியது அந்நாளில் எல்லாரும் பாடிய ஐரோப்பிய, அமெரிக்கப் பாட்டுகள்தான். பெற்றோரின் பாட்டுகளை அந்நியர் முன்னால் பாட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவை அடிமைக் காலத்து வேதனையோடு கலந்தவை. அதோடு ஜெபத்தில் பாடப்பட்டவை. ஓபர்லின் நகரத்தில் சபைத் தலைவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில்தான் அந்தப் பாட்டுகளில் ஒன்றை மெல்லப் பாடினார்கள். கூட்டம் பேச்சை நிறுத்தியது. அதன் பிறகு அந்தப் பாட்டுகளே அவர்கள் பட்டியல். வழியில் பல ஹோட்டல்கள் அவர்களுக்கு அறை தர மறுத்தன. 1873-இல் இங்கிலாந்து போய் விக்டோரியா ராணி முன்னிலையில் பாடினார்கள். வசூலான பணத்தில் எழும்பிய ஜூபிலி ஹால் இன்றும் அங்கே நிற்கிறது.

நாங்கள் பயணம் போகிறோமே, அந்தத் தொழிலுக்கே இவர்கள் முன்னோடிகள். இவர்கள் பாட்டைக் கடைசியில் வைத்துக் கைதட்டுக்குப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. வில்லியம் டாசன் அமைத்த கீலேயாத் தைலப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எரேமியா 8-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி, கீலேயாத்தில் தைலம் இல்லையா என்று துக்கத்தோடு கேட்டுவிட்டு, பதில் கிடைக்காமலே நகர்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் பருத்திக்காட்டு அடிமைகள். தைலம் உண்டு என்று அவர்கள் பாடினார்கள். இதைவிடப் பெரிய வேத வியாக்கியானம் எது? நான் இதைப் பாக்கின் பாட்டுக்கு நேர் பின்னால் வைக்கிறேன். அந்த ஞானப்பாட்டுச் சரணங்களுக்குப் பக்கத்தில் உட்கார அதற்குத் தகுதி உண்டு.

இப்படி ஒன்றை நகர்த்தியதும் மற்றவையும் நகர்ந்தன. தென்னாப்பிரிக்காவின் 'ன்கோசி சிகெலெலி'. இன்று அது தேசிய கீதத்தின் முதல் பகுதி. 1897-இல் அதை ஜெபப்பாட்டாகவே இயற்றியவர் ஈனாக் சொன்டோங்கா, மெதடிஸ்ட் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர், பாடகர் குழு நடத்தியவர். அந்த மிஷன் பள்ளிக் குழுக்கள் எழுதிப் படித்தது டோனிக் சொல்ஃபா என்ற எழுத்துமுறையில். ஐந்து கோட்டு இசைத்தாள் இல்லாமல் டோ, ரே, மி என்று முதலெழுத்துகளால் எழுதுவது. எங்கள் குழுவின் மூத்த பாஸ் அண்ணன் ஒருவருக்கு இன்றுவரை அந்த முறைதான் கண்ணுக்குப் பழக்கம். தென்னாப்பிரிக்கப் பாட்டின் பழைய சொல்ஃபா அச்சு ஒன்றை அவரிடம் கொடுத்தேன். மற்றவர்கள் கோட்டு இசைத்தாளில் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் தன் பகுதியை முதல் தடவையிலேயே பாடி முடித்தார். "தம்பி, நம்ம அப்பா எழுதித் தந்த மாதிரியே இருக்கு" என்றார். ஒரே மிஷன் கல்வி இரண்டு கண்டங்களில் விட்டுப்போன கையெழுத்து அது.

ஆப்பிரிக்கப் பாட்டுகளில் அசைவு பற்றி எங்கள் சபைகளில் ஒரு தயக்கம் உண்டு. ஆராதனையில் பாடகர் அசையக் கூடாது என்று வளர்ந்தவர்கள். நான் அவர்களை ஆடச் சொல்வதில்லை. வலது கால், இடது கால் என்று எடையை மாற்றி நிற்கச் சொல்வேன், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் ஜுலு மொழிப் பாட்டில் அந்தக் கால்மாற்றம்தான் தாளம். அது இல்லாவிட்டால் பாட்டின் மெய்யெழுத்துகள் எங்கே விழுவது என்று வாய்க்குத் தெரிவதில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. அதனால் இந்தப் பாட்டுகளை வாய்ப்பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு வரி நான், ஒரு வரி அவர்கள். ஓதுவார் வீட்டுப் பிள்ளைகள் தேவாரம் கற்பதும் இப்படித்தானே.

தொண்டையும் மாற வேண்டும். பாலெஸ்ட்ரினாவுக்கு வாயை உருண்டையாகத் திறந்து, அதிர்வு குறைத்து, நேராகப் பாடும் குரல். ஸ்பிரிச்சுவலுக்கு நெஞ்சிலிருந்து வரும் அடர்ந்த குரல். ஜுலு பாட்டுக்கு வெளிச்சமான, திறந்த குரல், வீட்டில் பேசுவது போல. ஒரே குரலில் எல்லாவற்றையும் பாடினால் மொழிதான் மாறும். பாட்டு எல்லாம் ஒரே ஊர்ப் பாட்டாகிவிடும். இந்த மாற்றத்துக்கு நேரம் வேண்டும் என்பதாலும் பட்டியல் வரிசை முக்கியம். வெளிச்சக் குரலில் கத்தி முடித்த கையோடு மோட்சார்ட் பாடச் சொன்னால் சொப்ரானோக்கள் பாவம். எங்களால் மாற்ற முடியாத தொண்டையும் உண்டு. ஜார்ஜிய நாட்டின் மூன்று குரல் பாட்டுகளை நான் மிகவும் நேசிக்கிறேன். அவற்றின் சுர இடைவெளிகள் கீபோர்டில் அடங்காதவை. அந்த ஊர்க்காரர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காதில் ஏற்றினால் ஒழிய அவற்றைத் தொடப் போவதில்லை.

தமிழ்க் கீர்த்தனை இல்லாமல் எந்தப் பயணமும் போனதில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மெட்டுகளை நான்கு குரலுக்கு அமைப்பது இன்றுவரை எனக்குச் சவால். மெட்டு ஒற்றைக் கோட்டில், கமகத்தோடு அசைந்து போகிறது. அதன் கீழே மேற்கத்தியக் கூட்டுச் சுரங்களை அடுக்கினால் கமகம் அசைய இடமில்லாமல் நெரிகிறது. கமகத்தைச் சீவிவிட்டு அடுக்குகிறவர்கள் உண்டு. அப்போது ராகம் போய்விடும். நான் எடுத்த வழி, கூட்டுச் சுரமே வைக்காதது. ஆண்கள் சட்ஜமும் பஞ்சமமும் வாயை மூடி இழுப்பார்கள். மெட்டு ஆல்ட்டோவுக்கு, நம் பெண்களின் இயல்பான குரல் அங்கேதான் இருக்கிறது. சரணத்தில் டெனர் அதே வரியை ஒரு ஆவர்த்தனம் தள்ளி எடுக்கும், பாலெஸ்ட்ரினா செய்வதுபோல. இரண்டு கமகமும் மோதாத ராகமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மோகனம் இடம் கொடுக்கும். தோடியை நான் தொட்டதில்லை.

இந்தத் திசையில் நமக்கு முன்பே நடந்தவர்கள் உண்டு. மும்பையில் விக்டர் பரஞ்ஜோதி எழுதிய 'திராவிடியன் டிதிராம்ப்' இன்று பல நாட்டுக் குழுக்களின் மேடையில் இருக்கிறது. அவர் தொடங்கிய பரஞ்ஜோதி அகாடமி கோரஸை அவருக்குப் பிறகு கூமி வாடியா பல பத்தாண்டுகள் நடத்தி வெளிநாடுகளுக்கும் அழைத்துப் போனார். அமெரிக்காவின் ஈதன் ஸ்பெரி த்விஜாவந்தி ராகத்தை வைத்து ஒரு குழுப்பாட்டு அமைத்திருக்கிறார். ஏ.ஆர். ரகுமான் 'போஸ்' படத்துக்கு இசைத்த 'ஸிக்ர்' பாட்டையும் அவர் குரல்களுக்கு அமைத்திருக்கிறார். எங்கள் இளைஞர்களுக்கு அதன் மேல் கண். அது அல்லாவின் பெயரைச் சொல்லித் தியானிக்கும் பாட்டு. படப்பாட்டு என்பதால் கடைசியில் உற்சாகத்துக்குப் போடலாம் என்றார்கள். போடுவதானால் ரக்மானினோவுக்கு அடுத்து, அதே மரியாதையோடு போடுவோம் என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

வரும் பயணத்துக்கு அர்ஜென்டினாவின் ஆரியெல் ராமிரெஸ் 1964-இல் எழுதிய 'மிசா கிரியோய்யா'வை எடுத்திருக்கிறோம். ஆராதனையைத் தாய்மொழியில் நடத்தலாம் என்று வத்திக்கான் சங்கம் அனுமதித்த கையோடு, ஸ்பானிய மொழியில், அந்த மண்ணின் ஆட்டத் தாளங்களில் எழுதிய திருப்பலி இசை. கிரியே பகுதி வெட்டவெளியில் தனியாக நிற்கிறவனின் குரல்போல் நீளும். குளோரியா கார்னவாலிட்டோ ஆட்டத்தில் குதிக்கும். அதற்கு சராங்கோ என்ற சின்ன நரம்பு வாத்தியமும், குடைந்த மரத்தில் தோல் கட்டிய பொம்போ முரசும் வேண்டும். சராங்கோ திருச்சியில் கிடையாது. கிதாரை மேலே சுருதி ஏற்றிச் சமாளிக்கலாம் என்கிறார் எங்கள் கிதார்க்காரர். முரசுக்கு மிருதங்கம் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதன் சொற்கட்டு வேறு பேச்சுப் பேசும். பெரிய தவிலின் ஒரு பக்கத்தை மட்டும் துணி சுற்றிய கோலால் அடித்துப் பார்த்தோம், கிட்டத்தட்ட வருகிறது. அடுத்த சனிக்கிழமை ஒத்திகையில் கிரியேவும் குளோரியாவும் மட்டும். சாங்டுஸுக்குள் போவது அதன் பிறகுதான்.